கோதுமை ஒவ்வாமை: சந்தேகம் வந்த நாள் முதல் சமையலறையை மாற்றுவது வரை

கோதுமை ஒத்துக்கொள்ளவில்லை என்று சப்பாத்தியையும் பரோட்டாவையும் நிறுத்திவிட்டு, காலையில் ரவை உப்புமாவும் விசேஷ நாளில் சேமியா பாயசமும் சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் நம்மில் நிறைய. மைதா, ரவை, சேமியா மூன்றுமே கோதுமைதான். இன்னொரு கூட்டமும் இருக்கிறது. சப்பாத்தி சாப்பிட்ட ராத்திரி வயிறு உப்பியது என்ற ஒரே காரணத்துக்காக, எந்தப் பரிசோதனையும் செய்யாமல், விலை கூடிய ‘குளூட்டன் ஃப்ரீ’ பாக்கெட்டுகளை வாங்கி அடுக்குபவர்கள். முதல் கூட்டத்துக்கு ஆபத்து, இரண்டாவது கூட்டத்துக்கு வீண் பத்தியம். என்ன பிரச்சினை என்று முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஒவ்வாமைதான் என்று உறுதியானால் முழுசாக விடுங்கள். அரைகுறையாக விடுவதில் கஷ்டம் மட்டும்தான் மிச்சம்.

படி 1: இது ஒவ்வாமைதானா என்று பிரித்துப் பாருங்கள்

கோதுமை சாப்பிட்டால் உடம்புக்கு ஆகவில்லை என்பதற்குப் பின்னால் பொதுவாக மூன்று காரணங்களில் ஒன்று இருக்கும். மூன்றுக்கும் பரிசோதனை வேறு, பத்தியமும் வேறு.

முதலாவது, கோதுமை ஒவ்வாமை. கோதுமையின் புரதங்களை நோயெதிர்ப்பு மண்டலம் பகையாக எடுத்துக்கொண்டு, ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாராக வைத்திருக்கும். அடுத்த முறை கோதுமை உள்ளே போனதும் ஹிஸ்டமின் போன்ற பொருட்கள் வெளியாகி, தோல் தடிக்கும், உதடு வீங்கும், வாந்தி வரும், மூச்சு இழுக்கும். பெரும்பாலும் சில நிமிடங்களிலிருந்து 2 மணி நேரத்துக்குள் இது தெரிந்துவிடும். இதைத் தூண்டுவது, பிசைந்த மாவுக்கு இழுவை தரும் புரதமான குளூட்டனாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. அல்புமின், குளோபுலின் என்று கோதுமையில் உள்ள வேறு புரதங்களும் தூண்டலாம்.

இரண்டாவது, சீலியாக் நோய். குளூட்டன் உள்ளே போகும்போது நோயெதிர்ப்பு மண்டலம் சொந்தச் சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகிறது. இங்கே எதுவும் உடனே நடக்காது. மாதக்கணக்கில் நீளும் வயிற்றுப்போக்கு, எடை குறைவு, இரும்புச்சத்து மாத்திரைக்கு மசியாத ரத்தசோகை, வயதுக்கேற்ற உயரம் வராத பிள்ளை என்று மெதுவாகக் காட்டும். இதற்குக் காரணம் கோதுமை என்பதைப் பிடித்தவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் அந்த நாட்டில் ரொட்டி கிடைக்காமல் போனபோது இந்த நோயுள்ள குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்ப வந்ததும் நோயும் திரும்பியது. அதற்கு முன்பே அவருக்கு இருந்த சந்தேகம் அப்போது வலுப்பட்டது. இந்தியாவில் கோதுமையே முக்கிய உணவாக இருக்கும் வடக்கில் இந்த நோய் அதிகம், தெற்கில் குறைவு. குறைவு என்பதால் இங்கே சீக்கிரம் யாரும் சந்தேகப்படுவதில்லை என்பதும் உண்மை.

மூன்றாவது, கோதுமை ஒத்துக்கொள்ளாத வயிறு. கோதுமையில் ஃப்ரக்டான் என்ற ஒருவகை மாவுச்சத்து உண்டு. சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய் அங்கே நொதித்து வாயுவை உண்டாக்கும். வெங்காயத்திலும் பூண்டிலும் இதே ஃப்ரக்டான் இருக்கிறது. அதனால் சப்பாத்தி மட்டுமல்ல, வெங்காயச் சாம்பார் சாப்பிட்டாலும் வயிறு உப்புகிறது என்றால் கோதுமையைக் குற்றம் சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள். இது தொல்லைதான், ஆனால் உயிருக்கு ஆபத்தில்லை. அளவைக் குறைத்தாலே பலருக்குச் சரியாகிவிடும்.

சர்க்கரை நோய் வந்ததும் ராத்திரி சாதத்தை நிறுத்திச் சப்பாத்திக்கு மாறுவது நம் ஊர் வழக்கம். அப்படி மாறியவர்கள் முதல் சில வாரங்களில் சொல்லும் வயிற்றுத் தொல்லை பெரும்பாலும் இந்த மூன்றாவது வகைதான்.

படி 2: அறிகுறிகளைக் கவனியுங்கள்

ஒவ்வாமையில் நான்கு இடங்களைப் பார்க்க வேண்டும். தோலில் கொசு கடித்த மாதிரி திட்டுத் திட்டாகத் தடிப்பு, அரிப்பு, உதடு, கண் இமை வீக்கம். வயிற்றில் குமட்டல், வாந்தி, பிடித்து இழுக்கும் வலி. மூச்சில் தும்மல், மூக்கொழுகல், இருமல், வீசிங். ரத்த ஓட்டத்தில் தலைசுற்றல், முகம் வெளிறுதல், மயக்கம்.

தடிப்பு வந்தாலே கோதுமை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. காய்ச்சலுக்குப் பிறகு பிள்ளைகளுக்குத் தடிப்பு வருவது சகஜம். ஒரே உணவு, ஒவ்வொரு முறையும், ஏறக்குறைய அதே நேர இடைவெளியில் அதே தொல்லையைத் தருகிறதா என்பதுதான் கேள்வி. நேற்று பூரி சாப்பிட்டு ஒன்றும் ஆகாமல் இன்று பிஸ்கட்டுக்குத் தடித்தது என்றால், பிஸ்கட்டில் உள்ள பாலோ முட்டையோ முந்திரியோ காரணமாக இருக்கலாம்.

இந்த விதிக்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு. சிலருக்குக் கோதுமை மட்டும் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, உடற்பயிற்சி மட்டும் செய்தாலும் ஒன்றும் ஆகாது. பரோட்டா சாப்பிட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓடினாலோ ஷட்டில் ஆடினாலோ மட்டும் உடம்பெல்லாம் தடித்து, மயக்கம் போட்டு விழுவார்கள். கோதுமையில் உள்ள ஒமேகா-5 கிளையடின் என்ற புரதம்தான் இதில் பெரும்பாலும் குற்றவாளி. பதின்பருவத்தினருக்கும் பெரியவர்களுக்கும் வருகிறது. உடற்பயிற்சிக்குப் பதில் ஆஸ்பிரின், இபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரையோ மதுவோகூட அந்த வேலையைச் செய்யும். ‘எப்போதோ ஒரு தடவைதான் வருகிறது, காரணமே தெரியவில்லை’ என்று வருடக்கணக்கில் அலைபவர்களில் சிலருக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

சாப்பிட்டால் ஒன்றுமில்லை, மாவை முகர்ந்தால் மட்டும் தொல்லை என்பதும் உண்டு. மாவு மில்லிலும் பேக்கரியிலும் பரோட்டா மாஸ்டர் வேலையிலும் இருப்பவர்களுக்கு வரும் தும்மலும் வீசிங்கும் இந்த வகை. பெர்னார்டினோ ராமாஸ்ஸினி என்ற இத்தாலிய மருத்துவர் 1700-லேயே ரொட்டி சுடுபவர்களின் மூச்சுத் தொல்லையைப் பற்றி எழுதிவைத்திருக்கிறார். வேலைக்குப் போகும் நாளில் அதிகமாகி, விடுமுறையில் குறைகிறதா என்று பாருங்கள்.

கைக்குழந்தைகளில் இன்னொன்று. தடிப்பே இல்லாமல், சாப்பிட்டு 1 முதல் 4 மணி நேரம் கழித்து அடுத்தடுத்து வாந்தியெடுத்துத் துவண்டுபோனால் அது ஐஜிஇ வழி வராத வேறு வகை ஒவ்வாமையாக இருக்கலாம். அதையும் குழந்தை மருத்துவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும்.

படி 3: அவசர நிலை வந்தால் என்ன செய்வது என்பதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்

மற்ற படிகளை மெதுவாகச் செய்யலாம், இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். மூச்சு இழுத்தாலோ, குரல் கம்மினாலோ, நாக்கு தடித்தாலோ, மயக்கம் வந்தாலோ, தோல் தடிப்போடு வாந்தியும் விடாமல் வந்தாலோ அது அனாஃபிலாக்ஸிஸ் என்ற, உயிருக்கே ஆபத்தான கடும் ஒவ்வாமை. 108-ஐ அழையுங்கள், அல்லது பக்கத்தில் இருக்கும் மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள். போனதும் “கோதுமை சாப்பிட்டதால் அலர்ஜி, மூச்சுத் திணறல்” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

இதற்கு மருந்து அட்ரினலின் ஊசிதான். தொடையின் வெளிப்பக்கத் தசையில் போடுவார்கள். ஒரு கிலோ எடைக்கு 0.01 மி.கி. என்பது கணக்கு, பெரியவர்களுக்கு அதிகபட்சம் 0.5 மி.கி. தேவைப்பட்டால் 5 நிமிடம் கழித்து இன்னொரு முறை போடுவார்கள். வீட்டில் இருக்கும் செட்ரிசினும் ஏவிலும் அரிப்பைக் குறைக்கும்; மூச்சுக்குழாயைத் திறக்காது, விழும் ரத்த அழுத்தத்தைத் தூக்காது. மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. நோயாளியைப் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரலாம். சட்டென்று எழுப்பி நடக்கவைக்காதீர்கள். சரியாகிவிட்ட மாதிரி தெரிந்தாலும் சில மணி நேரம் மருத்துவமனையில் இருந்தாக வேண்டும், ஏனென்றால் சிலருக்கு இரண்டாவது அலையாகத் திரும்ப வரும்.

பேனா வடிவ அட்ரினலின் ஊசி வெளிநாடுகளில் சாதாரணமாகக் கிடைக்கும், இங்கே மருந்துக் கடையில் எளிதில் கிடைக்காது. ஒருமுறை கடுமையாக வந்தவர்கள், ஆம்பூலும் (மருந்து அடைத்த சின்னக் கண்ணாடிக் குப்பி) சிரிஞ்சும் வைத்துக்கொள்வது பற்றி மருத்துவரிடம் கேட்டு, எவ்வளவு, எப்படிப் போடுவது என்று வீட்டில் இரண்டு பேராவது கற்றுக்கொள்வது நல்லது.

படி 4: ஒரு நோட்டுப் போடுங்கள்

மருத்துவரிடம் போகும் முன் கையில் இருக்க வேண்டியது இது. என்ன சாப்பிட்டது, எத்தனை மணிக்கு, எவ்வளவு, தொல்லை எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எத்தனை மணிக்கு அடங்கியது, என்ன மருந்து கொடுத்தது. இதோடு அன்று விளையாடியதா, வலி மாத்திரை போட்டதா, காய்ச்சல் இருந்ததா என்பதும் வேண்டும். ‘சாயங்காலம் 4.30, பள்ளி விட்டு வந்ததும் வெஜ் பப்ஸ் ஒன்று. 5 மணிக்குக் கிரவுண்டு. 5.20-க்குக் கழுத்தில் தடிப்பு, 5.30-க்கு இருமல்’ என்று எழுதினால் அதுவே பாதி நோயறிதல். ‘பப்ஸ் சாப்பிட்டால் அலர்ஜி’ என்று எழுதினால் மருத்துவருக்கு ஒன்றும் பிடிபடாது.

தடிப்பை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவரைப் பார்க்கும்போது அது மறைந்திருக்கும். பாக்கெட் உணவென்றால் பின்பக்கத்தையும் படம் எடுங்கள்.

படி 5: கோதுமையை நிறுத்தும் முன் பரிசோதனை

இந்த வரிசை முக்கியம். கடுமையான ஒவ்வாமை வந்தவர்கள் கோதுமையை உடனே நிறுத்த வேண்டியதுதான், அதில் மாற்றமில்லை. நாட்பட்ட வயிற்றுத் தொல்லைக்காரர்கள் மட்டும் அவசரப்பட்டு நிறுத்தக் கூடாது. சீலியாக் நோய்க்கான டிடிஜி-ஐஜிஏ ரத்தப் பரிசோதனையும், அதன் பிறகு தேவைப்படும் சிறுகுடலில் சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியும், கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது செய்தால்தான் சரியாகக் காட்டும். நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தும் ‘இல்லை’ என்று வந்துவிடும். பிறகு பரிசோதனைக்காகவே மறுபடி சில வாரங்கள் சாப்பிட வேண்டிய கொடுமை.

ஒவ்வாமைக்கு முதலில் செய்வது தோல் குத்துப் பரிசோதனை. முன்கையில் ஒரு சொட்டு கோதுமைச் சாறு வைத்து லேசாகக் குத்துவார்கள். 15 முதல் 20 நிமிடத்தில் 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்தால் நேர்மறை. வலிக்காது, கொசுக்கடி அளவுதான். சளி, அரிப்பு மாத்திரைகளை அதற்குச் சில நாட்கள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நிறுத்த முடியாதவர்களுக்கு ஐஜிஇ ரத்தப் பரிசோதனை இருக்கிறது. அதை மாத்திரை பாதிக்காது.

இரண்டு பரிசோதனைகளிலும் ஒரு சிக்கல் உண்டு. புல் மகரந்த ஒவ்வாமை இருப்பவர்களுக்குக் கோதுமைப் பரிசோதனையும் நேர்மறையாக வரலாம். கோதுமையும் புல் குடும்பம்தானே. தினமும் சப்பாத்தி சாப்பிட்டு ஒன்றும் ஆகாத ஒருவருக்கு ரத்தத்தில் கோதுமை ஐஜிஇ இருக்கிறது என்பதற்காகக் கோதுமையை நிறுத்தத் தேவையில்லை. பரிசோதனைத் தாளும் உங்கள் நோட்டும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், மருத்துவமனையில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கோதுமை கொடுத்துப் பார்க்கும் சவால் பரிசோதனை செய்வார்கள். நம்பகமானது அதுதான். வீட்டில் ‘ஒரு வாய் கொடுத்துப் பார்ப்போமே’ என்று இதைச் செய்ய முயலாதீர்கள்.

லேப்களில் ஐம்பது, நூறு உணவுகளுக்கு ‘ஃபுட் இன்டாலரன்ஸ் பேக்கேஜ்’ என்று, ஐஜிஇ அல்லாத ஐஜிஜி என்ற வேறொரு எதிர்ப்பொருளுக்கான பரிசோதனை விற்கிறார்கள். ஐஜிஜி இருந்தால் அந்த உணவை நீங்கள் சாப்பிட்டுப் பழகியிருக்கிறீர்கள் என்றுதான் அர்த்தம். ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கங்கள் இதைப் பரிந்துரைப்பதில்லை. அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம்.

படி 6: கோதுமை எங்கெல்லாம் இருக்கிறது

முதல் வரிசை தெரிந்ததே: கோதுமை மாவு, மைதா, ரவை, சேமியா, கோதுமை ரவை, பிரெட், பன், ரஸ்க், பிஸ்கட், பப்ஸ், கேக், நூடுல்ஸ், பாஸ்தா, சமோசா. சம்பா ரவையும் கோதுமைதான். சம்பா என்றதும் அரிசி என்று நினைத்து வாங்கிவிடாதீர்கள். பழைய ரகக் கோதுமை, இயற்கை விவசாயக் கோதுமை, கோதுமைப்புல் சாறு எதற்கும் விதிவிலக்கு இல்லை.

இனிப்பில் தலையாயது திருநெல்வேலி அல்வா, சம்பா கோதுமையின் பாலில் கிண்டுவது. முதலூர் மஸ்கோத்து அல்வாவிலும் கோதுமை உண்டு. பாதுஷா, ஜிலேபி, குலாப் ஜாமூன், சோமாசி எல்லாம் மைதா. ஜாங்கிரி உளுந்து, மைசூர்பாகு கடலை மாவு, அதிரசம் அரிசி மாவு, தூத்துக்குடி மக்ரூன் முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும். செய்முறைப்படி இவற்றில் கோதுமை இல்லை. கடையில் ஒரே தட்டில் ஜிலேபிக்குப் பக்கத்தில் இருந்தால் கதை வேறு.

இனி யாரும் எதிர்பார்க்காத இடங்கள். முதலிடம் பெருங்காயத்துக்கு. கடையில் வாங்கும் பெருங்காயம் சுத்தமான பிசின் அல்ல. காரத்தைக் குறைக்க மாவும் கருவேலம் பிசின் போன்ற கோந்தும் கலந்த கூட்டுப் பெருங்காயம். அந்த மாவு பெரும்பாலும் கோதுமை அல்லது மைதா. கட்டியாக வந்தாலும் தூளாக வந்தாலும் இதே கதை. டப்பாவைத் திருப்பிப் பார்த்தால் எழுதியிருக்கும். சாம்பார், ரசம், ஊறுகாய், முறுக்கு, இட்லிப் பொடி என்று நம் சமையலில் பெருங்காயம் போகாத இடமில்லை. அரிசி மாவு கலந்த பெருங்காயம் கிடைக்கிறது, தேடி வாங்குங்கள். கிடைக்காவிட்டால் சீரகமும் பூண்டும் தூக்கலாகப் போட்டு ஒப்பேற்றலாம். ரசம் ஒன்றும் குறைந்துபோகாது.

அடுத்து சத்துமாவு. கேழ்வரகு, கம்பு, பயறு என்று அட்டையில் படம் போட்டிருக்கும், உள்ளே கோதுமையும் இருக்கும். வீட்டில் அரைப்பவர்களும் ஒரு பிடி கோதுமை போடுவார்கள். ஆறு மாதக் குழந்தைக்கு முதல் கஞ்சியிலேயே தடிப்பு வந்தால் இதை நினைவில் வையுங்கள். அங்கன்வாடி இணை உணவு மாவிலும் கோதுமை சேர்வதுண்டு. மால்ட் பானங்களில் பார்லியும் கோதுமையும் இருக்கும்.

சோயா சாஸ் கோதுமை சேர்த்து ஊறவைப்பது. கோபி மஞ்சூரியனில் மேல்மாவு மைதா. மைசூர் போண்டாவை மைதாவில் செய்வதும் உண்டு. ஹோட்டல் குருமாவைக் கெட்டியாக்க மைதா கரைத்து ஊற்றுவதுண்டு. விரலில் மாட்டிக்கொண்டு பிள்ளைகள் சாப்பிடும் குழாய் அப்பளத்தில் மைதாவில் செய்தவையும் உண்டு. ஐஸ்கிரீம் கோன் மைதா. ரவா தோசை சுட்ட கல்லில்தான் அடுத்து உங்கள் சாதா தோசையும் வரும்.

கத்தோலிக்கத் தேவாலயத்தில் நற்கருணை அப்பம் கோதுமையில் செய்வது. பங்குத் தந்தையிடம் சொன்னால் திராட்சை இரச வடிவில் மட்டும் பெறுவதற்கு வழி இருக்கிறது.

தோலில் படுவதும் கணக்கில் வரும். ஜப்பானில் நீரில் கரையும்படி சிதைத்த கோதுமைப் புரதம் சேர்த்த ஒரு முகச் சோப்பைப் பயன்படுத்திய 2,000-க்கும் மேற்பட்டவர்களுக்குக் கோதுமை ஒவ்வாமை புதிதாக வந்தது. அதுவரை ரொட்டி சாப்பிட்டு நன்றாக இருந்தவர்கள். குழந்தைகளின் விளையாட்டு மாவு, போஸ்டர் ஒட்டும் மைதாப் பசை, சில ஷாம்பு, கிரீம்கள் ஆகியவற்றிலும் ஒரு கண் இருக்கட்டும்.

படி 7: லேபிளைப் படிக்கப் பழகுங்கள்

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 2020-ஆம் ஆண்டு லேபிள் விதிகளின்படி, கோதுமை உள்ளிட்ட குளூட்டன் தானியங்கள் சேர்ந்திருந்தால் பாக்கெட்டில் தனியாக எச்சரிக்க வேண்டும். பொருட்கள் பட்டியலுக்குக் கீழே ‘கன்டெய்ன்ஸ் வீட்’ என்றோ ‘மே கன்டெய்ன் வீட்’ என்றோ இருக்கும். இரண்டாவது, அதே ஆலையில் கோதுமையும் கையாளப்படுகிறது என்ற எச்சரிக்கை. அனாஃபிலாக்ஸிஸ் வந்தவர்கள் அதையும் தவிர்க்க வேண்டும். மற்றவர்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யலாம். மைதாவை ‘ரிஃபைன்ட் வீட் ஃபிளவர்’ என்றும் ரவையை ‘செமோலினா’ என்றும் அச்சிடுவார்கள். ‘ட்யூரம்’, ‘ஸ்பெல்ட்’ இவையும் கோதுமைதான்.

‘குளூட்டன் ஃப்ரீ’ என்றால் ஒரு கிலோவில் குளூட்டன் 20 மில்லிகிராமுக்கு மேல் இல்லை என்று பொருள். சீலியாக் நோயாளிகளுக்கான அளவு அது. வெளிநாட்டுத் தயாரிப்புகளில் குளூட்டனை நீக்கிய கோதுமை ஸ்டார்ச் சேர்த்தவையும் இதே பெயரில் வருகின்றன. உங்களுக்குக் கோதுமை ஒவ்வாமை என்றால் அந்த முத்திரையோடு நிற்காமல் பட்டியலையும் படிக்க வேண்டும். பக்வீட் என்பது பெயரில் மட்டும்தான் வீட், அது வேறு குடும்பம்.

பார்லி, வெளிநாட்டு ரொட்டிகளில் சேரும் ரை என்ற தானியம் இரண்டும் கோதுமைக்கு நெருங்கிய சொந்தம். கோதுமை ஒவ்வாமை உள்ள எல்லோருக்கும் அவை ஆகாது என்றில்லை. ஆனாலும் மருத்துவர் சரி சொல்லும்வரை கால் வீக்கத்துக்கும் சிறுநீரகக் கல்லுக்கும் குடிக்கும் பார்லிக் கஞ்சியை நிறுத்தி வையுங்கள். ஓட்ஸ் வேறு தானியம் என்றாலும் சாதாரண ஓட்ஸில் கோதுமை கலந்தே வரும்.

படி 8: மாவு மில்லும் அடுக்களையும்

மாவு மில்லில் நடப்பதைக் கொஞ்சம் நின்று பாருங்கள். முன்னால் வந்தவரின் கோதுமை அரைபட்டு முடிந்ததும், மில்காரர் உங்கள் கேழ்வரகில் ஒரு கை அள்ளிப் போட்டு, உள்ளே தங்கிய மாவைத் தள்ளிவிடுவார். தள்ளிய மாவில் ஒரு பங்கு உங்கள் தூக்கில்தான் விழும். துணிக்குழாயைத் தட்டும்போது விழுவதும் அங்கேயே. காற்றில் பறப்பதைச் சொல்லவே வேண்டாம். கடுமையான ஒவ்வாமை உள்ள வீட்டில் கேழ்வரகையும் கம்பையும் மிக்ஸியில் அரைத்துச் சலிப்பதே உத்தமம். அளவு அதிகமென்றால் ஒரு சின்ன வீட்டு மாவரைக்கும் இயந்திரம் வாங்கிவிடலாம். மில்லைத் தவிர வழியில்லை என்றால், கோதுமைக்குப் பயன்படுத்தாத இயந்திரத்தில் அரைத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டில் மற்றவர்கள் கோதுமை சாப்பிடுவார்கள் என்றால் சப்பாத்திக் கட்டை, குழவி, சல்லடை மூன்றையும் தனியாக வைக்க வேண்டும். சல்லடையைக் கழுவி இருவருக்கும் பயன்படுத்த நினைக்காதீர்கள், கண்ணிகளில் மாவு தங்கும். தோசைக்கல் இரண்டு. பூரி பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரிக்கக் கூடாது. எங்கள் வீட்டிலும் கோதுமை ஆகாத பிள்ளை ஒன்று உண்டு; அதற்கான டப்பாக்களுக்குப் பச்சை மூடி போட்டதில் பாதிக் குழப்பம் தீர்ந்தது. எழுத்தைப் படிக்கத் தெரியாத பிள்ளைக்கும், வேலைக்கு வரும் அக்காவுக்கும் நிறம் புரியும்.

படி 9: தட்டில் என்ன வைப்பது

கோதுமையை விடுவதற்குத் தமிழ்நாட்டைவிட வசதியான இடம் குறைவு. இட்லி, தோசை, இடியாப்பம், ஆப்பம், புட்டு, அடை, வெண்பொங்கல் எல்லாமே அரிசியும் பருப்பும்தான். பழக்கத்தில் நுழைந்துவிட்ட கோதுமைப் பண்டங்களுக்கு மட்டும் மாற்று தேட வேண்டும்.

ரவை உப்புமாவுக்குப் பதில் அரிசி உப்புமா. பச்சரிசியையும் கொஞ்சம் துவரம்பருப்பையும் மிளகு சீரகத்தோடு ரவையாக உடைத்து, வெண்கலப் பானையில் கிளறினால் அடியில் பிடிக்கும் காந்தலுக்கு வீட்டில் சண்டையே வரும். அவல் உப்புமா, ஜவ்வரிசிக் கிச்சடி, சாமை அல்லது வரகு உப்புமாவும் உண்டு. கேசரியைத் தினையிலோ அவலிலோ செய்யலாம். பாயசத்துக்குச் சேமியா போனால் ஜவ்வரிசி வரும், பாசிப்பருப்பு வரும், நஷ்டம் ஒன்றுமில்லை. அரிசிச் சேமியாவும் கிடைக்கிறது, பொருட்கள் பட்டியலைப் பார்த்து வாங்குங்கள்.

சப்பாத்திக்கு மாற்றுதான் சிரமம். கேழ்வரகு, சோளம், கம்பு மாவுகளில் குளூட்டன் இல்லாததால் இழுத்தால் கிழியும். கொதிக்கும் நீரை மாவில் ஊற்றிக் கிளறி, மூடி வைத்து, கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து, ஈரத் துணியிலோ வாழை இலையிலோ வைத்துக் கையால் தட்டினால் ரொட்டி வரும். கட்டையால் தேய்க்க முயன்றால் பொறுமை போய்விடும். பேசாமல் அடை சுடலாம். என்னைக் கேட்டால், சப்பாத்தியின் நகலைத் துரத்துவதைவிட நல்ல கேழ்வரகு அடை எவ்வளவோ மேல். முருங்கைக்கீரையும் சின்ன வெங்காயமும் போட்டால் தொட்டுக்கொள்ளக்கூட ஒன்றும் வேண்டாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கோதுமையை விட்டதும் வெள்ளைச் சாதத்துக்கே திரும்பிவிடக் கூடாது. குதிரைவாலி, சாமை, கம்பு இவற்றோடு பருப்பும் காயும் தாராளமாக இருக்கட்டும். சிறுதானியக் கஞ்சியை மாவாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை வேகமாக ஏறும். முழுசாக வேகவைத்துச் சாப்பிடுவது மெதுவாக ஏற்றும். மருந்தளவு மாற வேண்டியிருக்கலாம் என்பதால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

சத்து குறைந்துபோகுமோ என்ற பயம் இங்கே அவசியமில்லை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 360 மி.கி. கால்சியம் இருக்கிறது, கோதுமையில் அதில் ஒரு சிறு பங்குதான். கம்பில் இரும்புச்சத்து உண்டு. அரிசியில் மட்டும் கோதுமையைவிடப் புரதம் குறைவு; பருப்பும் பயறும் முட்டையும் மீனும் அந்த இடத்தை நிரப்பிவிடும்.

படி 10: வீட்டுக்கு வெளியே

ஹோட்டலில் ‘அலர்ஜி’ என்றால் ‘பிடிக்காது’ என்று எடுத்துக்கொள்வார்கள். ‘கோதுமை இல்லாமல் கொடுங்கள்’ என்றால் மைதா இல்லாமல் வராது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்: “அண்ணே, எனக்கு மைதா, ரவை, சேமியா, கோதுமை எதுவும் உள்ள போனா மூச்சு நின்னுடும். இதுல அதெல்லாம் இருக்கா, மாஸ்டர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க.” மூச்சு என்ற சொல் வந்ததும் சர்வர் கவனமாகக் கேட்பார். இட்லி ஆவியில் தனியாக வேகுவதால் பெரும்பாலும் நம்பலாம். சாம்பாரில் பெருங்காயம் இருக்கும் என்பதால் தேங்காய்ச் சட்னியைக் கேளுங்கள், அதன் தாளிப்பிலும் பெருங்காயம் இல்லையா என்று விசாரித்துக்கொண்டு. கல்யாணப் பந்தியில் கேசரி எடுத்த கரண்டி அடுத்த பாத்திரத்துக்குப் போவதைத் தடுக்க உங்களால் முடியாது. கடுமையான ஒவ்வாமை என்றால் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போய், மொய் எழுதி, பெருங்காயம் போடாத மோர் மட்டும் குடித்துவிட்டு வருவது மரியாதைக் குறைவு ஆகாது.

பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னொன்று. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தின் பட்டியலில் ரவை, சேமியா, கோதுமை ரவையில் செய்த உப்புமாவும் கிச்சடியும் வாரத்தில் பல நாள் வரும். தலைமை ஆசிரியரிடமும் சமைக்கும் அக்காவிடமும் எழுத்தில் கொடுத்து, மருத்துவர் சீட்டின் நகலையும் சேர்த்துவிடுங்கள். பிறந்தநாள் கேக்கும் பரிமாறிக்கொள்ளும் டிபன் பாக்ஸும்தான் இன்னும் பெரிய ஆபத்து. “என் அம்மாவைக் கேட்டுத்தான் சாப்பிடுவேன்” என்று சொல்லப் பிள்ளையைப் பழக்குங்கள். வகுப்பாசிரியரிடம் அவசர எண்ணும், அறிகுறிகள் எழுதிய ஒரு பக்கத் தாளும் இருக்க வேண்டும்.

படி 11: மறுபடி பரிசோதிக்க மறக்காதீர்கள்

சின்ன வயதில் வரும் கோதுமை ஒவ்வாமை பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளர நீங்கிவிடும். பலருக்குப் பன்னிரண்டு வயதுக்குள். அதனால் வருடம் ஒருமுறையாவது மருத்துவரிடம் காட்டி, ஐஜிஇ அளவு இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கினால் மருத்துவமனையில் சவால் பரிசோதனை வைத்துப் பார்ப்பார்கள். அதில் தேறிய பிள்ளைக்குக் கோதுமையை வாரம் சில முறையாவது கொடுத்துவரச் சொல்வார்கள், பயத்தில் மறுபடி நிறுத்திவிடாதீர்கள். பெரியவர்களுக்கு வந்தது, குறிப்பாக உடற்பயிற்சியோடு சேர்ந்து வருவது, எளிதில் போகாது. அவர்கள் கோதுமை சாப்பிட்ட பிறகு குறைந்தது 4 மணி நேரம் கடுமையான உடற்பயிற்சி செய்யக் கூடாது என்பது வழக்கமான அறிவுரை. சிலருக்கு முழுமையாகவே நிறுத்தச் சொல்வார்கள். சீலியாக் என்று உறுதியானவர்களுக்குப் பத்தியம் ஆயுள் முழுக்க. அவர்களுக்குப் பார்லியும் ரையும் சேர்த்தே விலக்கு.

வீட்டில் அடுத்த குழந்தை பிறந்தால், மூத்ததுக்கு ஒவ்வாமை என்பதற்காக அதற்குக் கோதுமையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. தள்ளிப்போடுவது ஒவ்வாமையைத் தடுப்பதில்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு, குழந்தைக்குக் காய்ச்சல், சளி இல்லாத ஒரு நாளில், பகல் நேரத்தில், மூத்த பிள்ளையின் தட்டிலிருந்து தள்ளி, ஒரு சிறு கரண்டியில் ஆரம்பியுங்கள். கடும் எக்சிமா (அரிக்கும் தோல் அழற்சி) உள்ள குழந்தை என்றால் அதற்கு முன் குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.